கொழும்பு என்று நான் காட்டிய படம்

கண்ணுக்குள் நிற்கிற என் மாப்பிள்ளை வேலுச்சாமிக்கு,

நீ போய் இன்றோடு ஒரு வருடம். காலையில் உன் வீட்டில் படையல் முடிந்தது. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைக்கக் கூடாது என்று ஒரு கட்சி, வைக்காவிட்டால் நீ வரவே மாட்டாய் என்று ஒரு கட்சி. கடைசியில் பூசணிக்காய் ஜெயித்தது. நீ வந்தாயா என்று தெரியவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் இரு. எனக்கு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

இன்று சந்தைக் கிழமையும்கூட. மத்தியானம் கமுதியில் மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வழக்கம்போல நம் காட்சி உண்டு. விளக்கை ஏற்றுவதற்கு முன் உன்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதி வாசிக்கச் சொல்லியிருக்கிறார் கிட்டங்கிக்காரர். அவர் எதிர்பார்ப்பது நாலு நல்ல வார்த்தை. நான் எழுதியிருப்பது இது. வாசிக்கும்போது என்னை எந்த வரியில் நிறுத்துவார்கள் என்று பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் புது ஆட்கள் இருப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

இராமேசுவரத்தில் ஒரு போட்டோக் கடையில் உதவிக்கு இருந்தவன் நீ. வடக்கே போகும் யாத்திரைக் கூட்டத்தோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு போவாய். திரும்பி வரும்போது ஒரு கட்டுப் படம் கொண்டுவருவாய். அது ஊரில் கைக்குக் கை போகும். எண்ணெய்க் கை, மாட்டுக்குத் தவிடு வைத்த கை, எல்லாக் கையும் படத்தில் இருக்கும். காசிக் கோபுரத்தை வாங்கிப் போனவர்கள் அதைப் பூசை மாடத்தில் வைத்துவிட்டார்கள். திருப்பிக் கேட்கப் போன என்னிடம், “குடுத்த சாமியத் திருப்பிக் கேக்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. காகிதத்தில் இருந்தால்தானே எடுத்துக்கொண்டு போவார்கள்? கண்ணாடித் தகட்டில் படத்தை ஏற்றி, விளக்கு வைத்து வெள்ளை வேட்டியில் அடித்தால் யார் கொண்டுபோக முடியும்? சந்தைக்குச் சந்தை ஓர் ஊர். நிறுத்தாமல் நடத்துவோம் என்றேன்.

“ஏலே மச்சான், வாரம் ஒரு ஊருன்னா எங்கிட்ட இருக்கிற ஊரு எத்தன வாரத்துக்குடா தாங்கும்?”

“நீ போய்க்கிட்டே இரு மாப்ளே. நான் பேசிக்கிட்டே இருக்கேன்.”

அதுதான் நம் ஒப்பந்தம். நீ பார்த்துவிட்டு வந்து பேசாமல் விளக்கை இயக்குவாய். மதுரையைத் தாண்டாத நான், நூலகத்துப் புத்தகங்களின் பலத்தில் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வேன். போகாதவனுக்குத்தான் இவ்வளவு பேச்சு வரும் என்று நீ சிரிப்பாய்.

சந்தைக்கு வந்தவர்கள் பொழுதோடு வீடு திரும்ப வேண்டும் என்பதால் பட்டப்பகலில் காட்சி. பகலில் இருட்டு வேண்டுமென்றால் மிளகாய்க் கிட்டங்கிதான். சன்னலுக்குச் சாக்கு மாட்டினால் உள்ளே கை தெரியாது. நெடிதான் போகாது. நம் மக்கள் காசியைப் பார்த்தும் கண்ணீர் விட்டார்கள், கல்கத்தா டிராம் வண்டியைப் பார்த்தும் கண்ணீர் விட்டார்கள். எது பக்தி, எது மிளகாய் என்று நாம் ஆராயவில்லை. யாராவது பிந்தி வந்து கதவைத் திறந்தால் வெயில் பாய்ந்து படம் வெளுத்துவிடும். “கதவச் சாத்துங்கப்பா!” மூன்று வருடத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான். கங்கையைப் பற்றிக்கூட அவ்வளவு சொன்னதில்லை.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாளில் எல்லாம் முடிந்தது.

உன் மனைவி விளக்கையும் மூன்று பெட்டிகளையும் என்னிடம் கொடுத்தாள். இரண்டு பெட்டி எனக்கு மனப்பாடம். மூன்றாவது கயிறு போட்டு இறுகக் கட்டியிருந்தது. நீ அதை ஒரு நாளும் கிட்டங்கிக்குக் கொண்டுவந்ததில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் முதல் பாவம். உன் தகடு ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு இருக்கும். நீ அதன்மேல் கட்டைவிரலை வைத்துத்தான் தகட்டைச் செருகுவாய். உன் பக்தியை நினைத்து உருகியிருக்கிறேன். ஆயுத பூசை வந்தது. போன வருடத்துப் பொட்டு அப்படியே இருக்கிறதே, தொழிலுக்கு ஆகாதே என்று ஈரத் துணியால் எல்லாத் தகட்டையும் பளிச்சென்று துடைத்து, புதிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஒரு மூலைக்கு மட்டும் வைத்தால் போதுமா என்று நான்கு மூலைக்கும் வைத்தேன்.

எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பதற்கு நீ வைத்திருந்த அடையாளம் அது. எனக்கு யார் சொன்னார்கள்? தலைகீழாகச் செருகினால் திரையில் நேராக நிற்கும் என்பது வரை எனக்குத் தெரியும். முன்னும் பின்னும் மாறினால் இடம் வலமாகும் என்பது தெரியாது.

அன்று முதல் கிட்டங்கித் திரையில் பாதி இந்தியா இடது கையால் சாப்பிட்டது. ஒரு படத்தில் துண்டு இடது தோளில், அடுத்த படத்தில் வலது தோளில். கூட்டம் முணுமுணுத்தது. நான் அசரவில்லை. “கங்கைக்கு வடகரையில் ஒரு வழக்கம், தென்கரையில் ஒரு வழக்கம்” என்றேன். தட்சிணையை இடது கையால் கொடுக்கும் ஒரு சேட்டைப் பார்த்து முன்வரிசைப் பெரியவர் காறித் துப்பிவிட்டு எழுந்து போனார். வடநாட்டார் காதுக்கு இது எட்டவில்லை என்று நம்புகிறேன்.

இரண்டு பெட்டியும் தேய்ந்துபோயிற்று. “இந்தக் காசிக்கு நாங்க நாலு தரம் போயிட்டு வந்துட்டோம். வேற ஊரு இல்லையாக்கும்?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். கூட்டம் மெலிந்தது. உன் பெயரில் நடக்கிற ஒரே காரியம் நின்றுபோய்விடும் என்று பயந்தேன். அது உண்மைதான். அதைவிட உண்மை, சந்தைக் கிழமையில் நான் வாய் திறக்க இடமிருக்காது என்ற பயம். மூன்றாவது பெட்டியின் கயிற்றை அறுத்தேன். அதிலிருந்த தகடுகளையும் அதே மாதிரி துடைத்து நான்கு மூலைக்கும் பொட்டு வைத்தேன்.

உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே மாப்பிள்ளை. எந்த ஊர் என்று ஓர் எழுத்து எழுதி வைத்திருக்கக் கூடாதா?

ஏழாவது தகட்டில் கடற்கரை. வெள்ளை வெளேரென்று மலை மலையாக ஏதோ குவிந்திருக்கிறது. ஆட்கள் கூடை சுமந்து வரிசையாக நடக்கிறார்கள். முன்னால் ஒருவன் கேமராவைப் பார்த்து நிற்கிறான்; வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய அந்த முகம் எனக்குப் பிடிபடவில்லை. அது என்ன ஊர் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை. “இதுதான் கொழும்புத் துறைமுகம். கப்பலிலிருந்து இறக்கிக் குவித்த அரிசி மலை” என்றேன்.

பின்வரிசை திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தது. அரிசிக்கு நம் ஊர் படும் பாடு உனக்குத் தெரியும். கேப்பைக் கூழ் குடித்துவிட்டு வந்தவர்களுக்கு முன்னால் அரிசியில் ஒரு மலையைக் காட்டினேன். அப்போதுதான் பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள்.

நம் ஊர்ப் பஞ்சவர்ணம்தான். மிளகாய்ப் பழம் எடுக்கப் போகிறவள். அவள் புருசன் காத்தமுத்து சிலோனுக்குப் பிழைக்கப் போகிறேன் என்று தோணி ஏறி ஆறு வருடம். மாலை போட்டு நாம்தானே பஸ் ஏற்றினோம்? ஒரு கடிதம் இல்லை. செத்தான் என்று சிலர் சொன்னார்கள். அவள் தாலியைக் கழற்றவில்லை.

“எங்க வீட்டு ஆளு” என்றாள். திரைக்குக் கிட்டே வந்தாள். “இம்புட்டு அரிசிக்கு நடுவுல நிக்கிறாரு. ஒரு கடுதாசி போட முடியலையா?” என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

நான் வாயை மூடியிருக்கலாம். “கொழும்பில் தபால் கொஞ்சம் தாமதம்” என்று ஆறுதல் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு சந்தை தவறவில்லை. திரைக்கு ஓரத்தில், சுவரோடு ஒட்டி உட்காருவாள். “அண்ணே, அவுகள ஒருக்கக் காட்டிட்டு, பொறகு எந்த ஊருக்கு வேணுனாலும் போங்க.” நானும் காட்டுவேன். எல்லாப் பயணமும் கொழும்பில் தொடங்கியது. கூட்டம் முன்பைவிடப் பெருகியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மாப்பிள்ளை. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

போன மாதம் அவள் புருசனைத் தேடிப் போவதற்காகக் காதுத் தோட்டைக் கழற்றித் தோணித் தரகன் ஒருவனிடம் கொடுத்துவிட்டாள். அக்கரைக்கு ஆள் ஏற்றுகிறவன் அவன். காகிதம் கிடையாது, கேள்வி கிடையாது. அமாவாசை இருட்டில் தோணி கிளம்பும். இப்படிப் போனவர்களில் பிடிபட்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். மூழ்கியவர்களைப் பற்றி யார் வந்து சொல்வது?

நாளை மறுநாள் அமாவாசை.

போன சந்தையில் அவள் என்னை நிறுத்தி ஒன்று கேட்டாள். “அண்ணே, அவுகளுக்குப் பஞ்சு மில்லுல போனது இடது கைச் சுண்டுவெரலு. படத்துல இடது கை முழுசா இருக்கு. கூடையப் புடிச்சிருக்கிற வலது கையிலதான் வெரலக் காணோம். அங்கன போயி இன்னொரு வெரலயும் குடுத்துட்டாருன்னே வச்சுக்குவோம். போன வெரலு எப்படிண்ணே மொளைக்கும்?”

கங்கையின் இரு கரைக்கும் விளக்கம் சொன்னவன் நான். அன்றைக்கு விளக்கைத் துடைக்கப் போய்விட்டேன்.

அன்றே உப்புக்காரர் காசிம் பாயும் வந்து சேர்ந்தார். வாலிநோக்கத்திலிருந்து சந்தைக்குச் சந்தை வண்டியில் உப்புக் கொண்டுவருவாரே, அவர்தான். அதுவரை காட்சிப் பக்கம் தலை வைக்காதவர், அன்று மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தார். ஏழாவது தகட்டைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“அல்லாவே, இது அரிசியா? உப்புங்க! எங்கூரு உப்பளம் மாதிரியே இருக்கு. ஆனா எங்கூரு இல்ல. நம்ம பள்ளிவாசலு இடது பக்கமுல்ல நிக்கும்? இங்கன வலது பக்கம் நிக்குது. கடலும் மாறி இருக்கு. சிலோன்ல நம்மூரப் பாத்தே கட்டியிருக்கானுவ போல!”

எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சவர்ணமும் சிரித்தாள். நான் வீட்டுக்கு ஓடினேன். தகட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பிறகு அதை முன்பின்னாகத் திருப்பினேன்.

பள்ளிவாசல் இடது பக்கம் போனது. கடல் தன் இடத்துக்குப் போனது. காத்தமுத்துக்கு அவன் விரல் திரும்பக் கிடைத்தது, சரியான கையில்.

மறுநாளே சாயல்குடி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து கிடைத்த வண்டியிலும் காலிலுமாக வாலிநோக்கம் போய்ச் சேர்ந்தேன். எனக்கு இதுவரை வாய்த்த மிகப் பெரிய கடல் பயணம் அது. தகட்டைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் அவன் கூடையோடு நின்றான். கொஞ்சம் மெலிந்திருக்கிறான். உப்பு அரித்துக் காலெல்லாம் வெடிப்பு. என்னைக் கண்டதும் கூடையைக் கீழே போட்டுவிட்டு, தப்பிக்க இடம் தேடுகிறவன் போல நாலு பக்கமும் பார்த்தான். உப்பளத்தில் ஒளிய ஏது இடம்?

“தலைமன்னாருன்னுதாண்ணே எறக்கிவிட்டான் தரகன். கும்மிருட்டு. கடலுல ரெண்டு நாளு சுத்தவிட்டான். விடிஞ்சு பாத்தா ஒருத்தரு, ‘ஏலே, எந்தூருடா?’ங்குறாரு. அட, சிலோன்லயும் நம்மளாட்டமே பேசுறாகளேன்னு சந்தோசமாப் போச்சு. கூடையக் குடுத்தாக, சொமந்தேன். மூணு நாளு சிலோன்ல இருந்தேண்ணே. நாலாம் நாளு ஒரு வண்டிக்காரரு கமுதிச் சந்தைக்குப் போறேன்னாரு.”

“அந்த வண்டியிலேயே ஏறி வந்திருக்கலாமேடா?”

“மால போட்டு அனுப்புனீகளே. ஒரு வாரத்துல வெறுங்கையோட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது? ஒரு மாசம் போகட்டும்னு நெனச்சேன். பொறகு இன்னொரு மாசம். இப்படியே போச்சு.”

அடுத்து அவன் சொன்னதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். “வேலு அண்ணன் படம் எடுத்த அன்னைக்கே காலுல விழுந்து சத்தியம் வாங்குனேன், ஊருல காட்டக் கூடாதுன்னு. அவுக காட்டல. நீங்க காட்டிட்டீக.”

அப்படியானால் உனக்குத் தெரியும். கிட்டங்கியில் விளக்குக்குப் பின்னால் நீ நின்ற நாளெல்லாம், சந்தையில் பஞ்சவர்ணம் மிளகாய் மூட்டையோடு உன்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம், நாற்பது மைலுக்குள் அவன் இருப்பது உனக்குத் தெரியும். வாக்கைக் காப்பாற்றினாய். நல்லவன் நீ. அந்த வாக்கு யாருக்கு நல்லது செய்தது? உன்னை இதற்கு மேல் திட்ட எனக்கு வாயில்லை. நீ வாயைத் திறக்காமல் அவளைக் காத்து உட்கார வைத்தாய். நான் வாயைத் திறந்து அவளைக் கடலுக்குக் கிளப்பினேன். இல்லாத இலங்கையைக் காட்டிய தரகனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனிடம் தோணி இருந்தது. என்னிடம் விளக்கு.

அவள் தோட்டை வாங்கியவன் யார் என்று விசாரித்தேன். அதே தரகன்.

ஓடிப்போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாய்க் காட்டில், நடு வெயிலில், கைகூப்பிச் சொன்னேன். அவள் பழம் எடுப்பதை நிறுத்தவில்லை.

“என்னையப் போகவிடாம நிறுத்தச் சொல்லி யாரு சொன்னா? சிலோனுக்குப் போகாதன்னு சொல்ற என் கொழுந்தனா?”

“சத்தியமா இல்ல தாயி. அவன் வாலிநோக்கத்துல இருக்கான். என் கண்ணால பாத்தேன்.”

“கொழும்புன்னு சொன்னதும் நீங்கதான. அன்னைக்கு வெளக்குப் போட்டுக் காட்டிச் சொன்னீக, ஊரே பாத்துச்சு. இன்னைக்கு வெளக்கும் இல்ல, படமும் இல்ல, சும்மா வந்து வாயால சொல்றீக. நான் எத நம்பட்டும்ணே?”

தகட்டை எடுத்து நீட்டினேன். சிறு கண்ணாடியில் கருப்பாக ஏதோ தெரிந்தது. அவள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “இதுல அவுக இல்லையே. வேட்டியிலதான வருவாக” என்றாள்.

திரும்பவும் வாலிநோக்கத்துக்குக் காசிம் பாயிடம் போனேன். “அளத்துல கூடையச் சொமக்குற அத்தன பேரு மொகமும் எனக்கு எங்க தெரியும்? நான்தான சிலோன்னு சிரிச்சேன். இப்ப மாத்திச் சொன்னா அந்தப் புள்ள நம்புமா?” என்றார். காத்தமுத்துவை நேரில் வரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்துகொண்டான். “நான் சிலோன்லயே இருந்துக்கிடுறேண்ணே. என்னைய அங்கனயே விட்ருங்க.” மனைவி கடலில் இறங்கப் போகிறாள் என்றேன். முகத்தை மூடிக்கொண்டான். எழுந்திருக்கவில்லை. வண்டியில் இடம் வைத்திருப்பதாகக் காசிம் பாய் மட்டும் அவனிடம் சொன்னார். அவன் காதில் விழுந்ததா, தெரியாது.

ஆகவே எனக்கு மிச்சம் இருப்பது விளக்கு ஒன்றுதான். அவள் நம்புவது அதை மட்டும்தான்.

இன்றைக்கு அவள் வருவாள். போவதற்கு முன் ஒரு தடவை பார்க்க வருவாள். இதோ இந்த வரியை நான் வாசிக்கும்போது சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். எத்தனையோ பேருக்கு நடுவில் அவள் வீட்டு மானத்தை இப்படி உரக்க வாசிப்பது கொடுமை என்று எனக்குத் தெரியும். வேறு வழி உனக்குத் தெரிந்தால், வாசித்து முடிப்பதற்குள் எப்படியாவது சொல். உன்னிடமிருந்து பதில் வராது என்று தெரிந்தும் காலையிலிருந்து பத்துத் தடவை கேட்டுவிட்டேன். இந்தக் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசிக்கிறேன். ஊரார் அதை உன்மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதுவும்தான்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், மாப்பிள்ளை. நீ காத்தமுத்துக்குக் கொடுத்த வாக்கை முறித்துக்கொண்டே கொடுக்கிறேன். இந்தக் கடிதம் முடிந்ததும் ஏழாவது தகட்டைச் செருகுவேன். சந்தனத்தை எல்லாம் கழுவிவிட்டு, நீ வைத்த மூலையிலேயே ஒரே ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். கட்டைவிரலை அதன்மேல் வைத்துத்தான் செருகுவேன். இது வாலிநோக்கம், இது உப்பு, இவன் காத்தமுத்து, இது அவனுடைய இடது கை என்று நான்கு வார்த்தை சொல்வேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டேன். இனி எனக்குத் தெரியாத ஊரைத் தெரியாத ஊர் என்றே காட்டுவேன். அதைப் பார்க்க யாரும் வராவிட்டால் விளக்கை உன் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

இன்னும் ஒன்று. காசிம் பாயின் உப்பு வண்டி முந்தின நாளே கிளம்பும். மத்தியானத்துக்குள் சந்தைக்கு வந்துவிடும். அதில் உப்பு மட்டும் வருமா, கூட ஓர் ஆளும் வருமா, எனக்குத் தெரியாது. படம் ஓடும்போது கிட்டங்கிக் கதவு திறந்தால் வெயில் உள்ளே பாயும், வேட்டியில் அவன் முகம் அழிந்துபோகும்.

அழிந்தால் அழியட்டும். இன்றைக்கு நான் கதவைச் சாத்தச் சொல்ல மாட்டேன்.

விளக்குக்குப் பக்கத்தில் இன்னமும் உன் இடத்தை விட்டு நிற்கிற,
உன் மாமன் மகன்
சோலைமுத்து